நீட்டித்தது எது?

2011 அக்டோபர் 3, திங்கட்கிழமை. அந்த வருட மருத்துவ நோபலில் பாதி ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு என்று ஸ்டாக்ஹோமில் அறிவித்தார்கள். அவர் வெள்ளிக்கிழமையே இறந்துபோயிருந்தார். குழுவுக்கு அது தெரியாது. இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது என்பது விதி. ஆனாலும் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி எடுத்த முடிவு என்பதால் பரிசு செல்லும் என்றார்கள்.

இந்த மூன்று நாள் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அன்று அவருடைய ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கையில், அவரே வடிவமைத்த செல் சிகிச்சையால் அவர் ஆயுள் நீண்டது என்று ஒரு வரி இருந்தது. நீண்டதா? எப்படித் தெரியும்?

ஸ்டைன்மன் 1973இல், ஸான்வில் கோனுடன் சேர்ந்து, எலியின் மண்ணீரலில் ஒரு புதுவகை செல்லை விவரித்தார். மரக்கிளை மாதிரி கைகள் நீட்டியிருக்கும். அதனால் டென்ட்ரிடிக் செல் என்று பெயர். இது ஒரு ஊர் சுற்றி. வெளியாள் எவனாவது உள்ளே வந்தால் அவனுடைய ஒரு துண்டைப் பிய்த்து, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், டி செல்லிடம் ‘இவனைப் பார்த்து வச்சுக்கோ’ என்று காட்டும். அபாய சமிக்ஞை எதுவும் இல்லையென்றால் அதே செல் ‘விட்டுடு, நம்மாளுதான்’ என்றும் சொல்லிக்கொடுக்கும். புற்றுநோய்க் கட்டி பிழைத்துக்கொள்வதில் இந்த இரண்டாவது பாடத்துக்கும் பங்குண்டு.

ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. ஏற்கெனவே தெரிந்த மேக்ரோஃபேஜ்தான் என்றார்கள். அவர் பல வருடம் சண்டை போட்டது பேச்சால் இல்லை. அந்த செல்லைப் பிரித்தெடுத்து, மற்ற செல்களோடு பக்கத்தில் வைத்து, எது டி செல்லை அதிகம் கிளப்புகிறது என்று அளந்து காட்டினார். ஒப்பீடுதான் அவருடைய ஆயுதம்.

அப்படிப்பட்டவருக்கு 2007 மார்ச்சில் கணையப் புற்றுநோய். அந்த நோய் வந்து ஐந்து வருடம் இருப்பவர்கள் அன்று நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அறுவை சிகிச்சை, கீமோ, அதன்மேல் எட்டு வரை பரிசோதனைச் சிகிச்சைகள். அவற்றில் சில, அவர் ரத்தத்திலிருந்து டென்ட்ரிடிக் செல்களை வளர்த்து, அவர் கட்டியின் அடையாளங்களை ஊட்டித் திரும்பச் செலுத்தியவை. நாலரை வருடம் இருந்தார்.

சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே ராத்திரியில் பத்து மாற்றங்களை புரொடக்‌ஷனில் ஏற்றிவிட்டு, காலையில் சர்வர் விழாமல் நின்றால் சந்தோஷப்படலாம். எந்த மாற்றம் காப்பாற்றியது என்று மட்டும் கேட்கக் கூடாது. அவர் உடம்பு ஒன்றுதான். சிகிச்சை எடுக்காத இன்னொரு ஸ்டைன்மன் இல்லை.

2010இல், நோயாளியின் சொந்த செல்களைப் பயன்படுத்தும் இதே வழியில் வந்த ஒரு சிகிச்சைக்கு, முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்காக அமெரிக்கா அனுமதி தந்தது. 512 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்த கூடுதல் ஆயுள் சுமார் 4 மாதம். அந்த 4 மாதம் நமக்குத் தெரியும். ஸ்டைன்மனின் நாலரை வருடத்தில் எத்தனை மாதம் அவர் செல்கள் கொடுத்தவை என்று யாராலும் சொல்ல முடியாது.

(எட்டு சிகிச்சைகள் அவருக்குக் கிடைத்தது அவர் ஸ்டைன்மன் என்பதால். அதே வார்டில் படுத்திருந்த இன்னொருவருக்குக் கிடைத்திருக்காது. அது அநியாயமா? இருக்கலாம். ஆனால் நண்பர்களின் ஆய்வகத்தில் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொள்ளாமல், ஒற்றை நோயாளிச் சோதனை என்று முறையாக அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.)

இதையெல்லாம் நான் தோண்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என் சித்தப்பா. அவருக்கும் கணையம்தான். ஆபரேஷன், கீமோ, கூடவே சித்தி எங்கிருந்தோ வாங்கிவந்த ஒரு வைத்தியரின் பொடி. டாக்டர் சொன்னதைவிட ஒரு வருடம் கூட இருந்தார். பொடிதான் என்று சித்தி நம்புகிறார். துக்க வீட்டில் நான் ஒருமுறை வாதாடிப் பார்த்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு. அந்த ஒரு வருடத்தை எதன் கணக்கில் எழுதிக்கொள்வது என்பது அன்றைக்கு சித்தியின் உரிமை. ராக்கஃபெல்லர்காரர்களின் அந்த வரியும் அப்படித்தானே, செத்துப்போன நண்பனைப் பற்றி எழுதியது.

போன மாதம் சித்தி போன் பண்ணினார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அதே நோய். வீட்டுக்கே வந்து வைத்தியர் விலாசம் கேட்டிருக்கிறார்கள்.

“குடுக்கட்டுமா கண்ணு?”

இதுவரை அது சித்தியின் ஆறுதல். விலாசத்தைக் கொடுத்தால் இன்னொரு வீட்டில் அது மருந்து. அவர்கள் கீமோவை நிறுத்திவிட்டால்?

“குடுங்க சித்தி. ஆனா சித்தப்பாவுக்கு ஆபரேஷன் ஆச்சு, கீமோ ஒண்ணு விடாம ஓடுச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. பொடி சாப்டறதைக் கீமோ டாக்டர்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க.”

“அப்போ பொடி ஒண்ணுமே பண்ணலைங்கிறயா?”

“தெரியல சித்தி.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு, ஆபரேஷன் பண்ணின டாக்டர் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். அனுப்பினேன்.