மூல ஓலையும் படி ஓலையும்

எழுதியவர் இன்று இல்லை. அவர் கைப்பட எழுதிய ஏடும் இல்லை. வேறொருவர் எடுத்து வைத்த படி மட்டும் இருக்கிறது. அது சொல்வதை ஏற்பதா, தள்ளுவதா? பழைய தலைவர்களின் கடிதங்களையும் படைவீரர்களின் ஏடுகளையும் படிக்கும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. வரலாற்றுத் துறை உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்ச் சைவம் இதைக் கேட்டுவிட்டது. அதுவும் இறைவனையே வழக்காளியாக நிறுத்திக் கேட்டது.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அந்த வழக்கு வருகிறது. புத்தூரில் சுந்தரர் மணப்பந்தலில் இருக்கிறார். முதிய அந்தணர் ஒருவர் வந்து, நம்பி ஆரூரன் என்னும் இந்தச் சுந்தரர் தனக்கு வழிவழி அடிமை என்கிறார். அதற்குச் சுந்தரருடைய பாட்டனார் எழுதிய ஓலை இருக்கிறது என்று காட்டுகிறார். சுந்தரர் துரத்திச் சென்று அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். வழக்கு அவ்வூர் அவைக்குப் போகிறது. ஆட்சி என்னும் வழக்கம், ஆவணம், அயலார் காட்சி என்னும் பிறர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் வழக்கை நிறுவ வேண்டும் என்கிறார்கள். மூல ஓலையை அவையின் கணக்கனான கரணத்தான் படிக்கிறான். எழுத்து சுந்தரருடைய பாட்டனாருடையதா என்று பார்க்க, அவர் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார்.

இதைப் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். சென்னைக்கு மேற்கே, வானகரத்துக்கும் பூந்தமல்லிக்கும் சில கல் தொலைவில் உள்ள ஊர் அது. 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. ஆவணங்களோடு பழகிய கை என்பது அந்த அவைக் காட்சியில் நன்றாகத் தெரிகிறது. வந்தவன் இறைவனே ஆனாலும் வாய்ச்சொல் போதாது, ஓலை வேண்டும். ஓலை இருந்தாலும் போதாது, எழுத்தை ஒப்புநோக்க வேண்டும். பக்தி நூல் ஒன்று இவ்வளவு கறாராக இருப்பது வியப்புக்குரியது. நம்பிக்கைக்கும் சோதனைக்கும் பகை இல்லை என்று சேக்கிழார் கருதியிருக்கிறார்.

அவர் பிறந்த மண்ணிலேயே, 500 ஆண்டுகள் கழித்து, மூலம் தொலைந்து படி மட்டும் எஞ்சிய பெரிய ஆவணம் ஒன்று உருவானது. சென்னைப் பட்டினத்துக்கு அடிப்படையான மானியம்தான் அது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு மதராசப்பட்டினத்துக் கடலோரத்தைக் கொடுத்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். பேச்சுவார்த்தையில் பெரும்பங்கு அவர் தம்பி ஐயப்ப நாயக்கருடையது. ஐயப்பர் இருந்தது பூந்தமல்லியில். மானியம் பொன் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது என்றும், 1746இல் பிரெஞ்சுக்காரர் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தபோது அது காணாமல் போனது என்றும் சொல்லப்படுகிறது. இன்று கையில் இருப்பவை கம்பெனி எழுத்தர்கள் எடுத்த படிகளே.

அந்தப் படியில் உள்ள தேதி ஜூலை 22. ஆனால் டே மதராசப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்ததே ஜூலை இறுதியில்தான். ஆகவே எழுத்தர் மாதத்தைத் தவறாக எழுதியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 22 சென்னை தினமாகக் கொண்டாடப்படுவது இப்படித்தான். மூலம் இருந்திருந்தால் ஒரு பார்வையில் தீர்ந்திருக்கும் ஐயம் இது. படியில் பிழை நேரும். ஆனால் பிழை உள்ளது என்பதற்காகப் படி பொய்யாகிவிடாது. டே வந்து சேர்ந்த தேதியோடு ஒப்பிட்டபோது பிழை எங்கே என்று தெரிந்தது. வெண்ணெய்நல்லூர் அவை செய்ததும் இதே வேலைதான்.

சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான இலக்கணம் வகுத்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசும் முன் அளவைகளைப் பற்றிப் பேசித் தொடங்குகிறது. அறிவு வரும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்குகிறது. நேரில் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை. நியாய நூலார் அந்த நம்பத்தக்கவரை ஆப்தர் என்பார்கள். பொருளை உள்ளபடி அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை மறைக்காமல் சொல்லும் எண்ணமும் இருக்க வேண்டும். கடிதம் என்பது உரையின் ஒரு வகை. எனவே கடிதத்திடம் கேட்க வேண்டியவை: எழுதியவர் நேரில் கண்டாரா, கண்டதைச் சொல்ல விரும்பினாரா, சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததா? மூன்றாவது கேள்வி போர்க்களக் கடிதங்களுக்கு மிகவும் தேவை.

தாமஸ் மன்றோவின் கடிதங்களில் இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம். கிளாஸ்கோவில் அவர் தந்தை அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வாணிகத்தை அழித்தது. குடும்பம் நொடித்ததால் மகன் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். வாஷிங்டனும் ஜெபர்சனும் தங்கள் நாட்டின் முதல் ஏடுகளை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்களுடைய போரால் இடம்பெயர்ந்த 19 வயது இளைஞர் இங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை முற்றாக முறியடித்தது. உதவிக்குச் சென்றிருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோவின் படையில் தாமஸ் மன்றோ இருந்தார். அடுத்த மாதமே தந்தைக்கு அதை எழுதினார். நேரில் கண்ட அளவும் கேட்டறிந்த அளவும் அக்கடிதத்தில் கலந்தே இருக்கின்றன. முதல் மூன்று ஆண்டுகள் புத்தகமோ தோட்டாப் பையோதான் தனக்குத் தலையணை என்று பின்னாளில் தங்கைக்கு எழுதியதில் அந்தக் கலப்பு இல்லை. அது அவர் தலைக்குத் தெரிந்த உண்மை.

இதே போரை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவர் ஓவியமாகச் சொல்கிறது. தோற்றவர் பக்கத்துக் கடிதமும் வென்றவர் பக்கத்துச் சுவரும் சேர்ந்தால் அயலார் காட்சி ஓரளவு நிறைவாகிறது. நிறைவாகாத பகுதியும் உண்டு. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய ஓலை எதுவும் இந்த வரலாற்றில் பேசுவதில்லை. பழந்தமிழர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு, பெயரும் வீழ்ந்த காரணமும் பொறித்தார்கள், படையலிட்டு வணங்கினார்கள். ஆவணமும் வழிபாடும் ஒரே கல்லில் இருந்தன. பொள்ளிலூர்ச் சிப்பாய்க்கு அந்தக் கல்லும் கிடைக்கவில்லை.

முதல் உலகப் போரில் சிப்பாயின் கடிதம் கிடைத்தது, ஆனால் வேறு வழியில். பிரான்ஸிலும் பிரைட்டன் மருத்துவமனையிலும் இருந்த இந்திய வீரர்கள் ஊருக்கு எழுதியவற்றைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கோப்பில் வைத்தார்கள். நாம் இன்று படிப்பது அந்தப் பெயர்ப்புகளை. தணிக்கை நடப்பது வீரர்களுக்குத் தெரியும். கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது, சிவப்பு மிளகு குறைவாகவே செலவாகிறது என்பதுபோல் எழுதினார்கள். கறுப்பு மிளகு இந்தியப் படை, சிவப்பு மிளகு வெள்ளையர் படை. சொல்லும் உரிமை இல்லாதபோதும் சொல்ல விரும்பியவர்கள் அவர்கள். தணிக்கையாளர் எடுத்த படி, தணிக்கைக்கு எதிரான சாட்சியாகவே நிற்கிறது.

மருது பாண்டியரின் திருச்சிராப்பள்ளி அறிவிப்புக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1801 ஜூன் 16ஆம் தேதியிட்ட அந்த அறிவிப்பு திருச்சிக் கோட்டையில் நவாபின் மாளிகை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு எதிராக எல்லாச் சாதியாரும் எழ வேண்டும் என்று அழைத்தது. கம்பெனிப் படையில் இருந்த சுபேதார், ஜமேதார், சிப்பாய்களையும் அழைத்தது. ஒட்டிய இடத்திலிருந்து அதை எடுப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவன் ஆவான் என்றும் எச்சரித்தது. ஓர் ஏட்டை அகற்றுவதைக் கொலை, களவோடு சமமாக வைத்த வாசகம் அது. அதே ஆண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அறிவிப்பின் வாசகம் கம்பெனிக் கோப்புகளில் ஆங்கிலப் பெயர்ப்பாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன் வெளியான அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் கையெழுத்துத் தோல் ஏடு, மை மங்கிப்போனாலும் வாஷிங்டன் நகரில் காக்கப்படுகிறது. வென்றவர்களுக்கு மூல ஓலை. தோற்றவர்களுக்குப் பகைவன் எடுத்த படி ஓலை. இந்தப் படியை நம்பலாமா? நம்பலாம். மருதுவின் பெருமையைக் கூட்டிச் சொல்லக் கம்பெனிக்கு எந்தத் தேவையும் இல்லை. தனக்கு எதிரான கடுஞ்சொல்லைத் தானே எழுதி வைத்தவன், அந்த அளவில், ஆப்தனுக்கு நெருங்கியவன். ஆனால் கருத்தைத்தான் நம்பலாம், சொல்லை நம்ப முடியாது. இன்று தமிழில் புழங்கும் அறிவிப்பு ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்கப்பட்டது. மருது எந்தச் சொல்லை எழுதினார் என்பது அந்த மதிலோடு போய்விட்டது.

ஏடு அழிவதைச் சமயம் எப்படிப் பார்க்கிறது என்பதில் ஒரே விடை இல்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழன் திறக்கச் செய்தபோது கறையான் பெரும்பகுதியை அரித்திருந்தது என்றும், இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி சொன்னது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அது இழப்பில் தவிப்பவனுக்கு ஆறுதல். அதை இழப்புக்கு அனுமதியாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளைத் தேடிப்போன உ.வே.சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட வேண்டும் என்ற ஆகம விதிப்படி எரித்துவிட்டதாகப் பதில் வந்தது. பக்தியோடு செய்த அழிவு அது. தில்லைக் கதையின் சாரம் அசரீரியில் மட்டும் இல்லை. அரசன் அறையைத் திறந்ததிலும், நம்பியாண்டார் நம்பி எஞ்சியதைத் தொகுத்ததிலும் இருக்கிறது.

வேண்டுமென்றே எரித்த கடிதங்களும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த பிறகு, தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை அவர் மனைவி மார்த்தா ஏறக்குறைய முழுவதும் எரித்துவிட்டார். தப்பியவை ஒருசில. வரலாற்றாளருக்கு இது பேரிழப்பு. ஆனால் மருதுவின் சாபம் இதற்குப் பொருந்தாது. அவர் ஏடு ஊர் முழுவதும் படிக்க ஒட்டியது. மார்த்தா எரித்த கடிதங்கள் இருவர் மட்டும் படிக்க எழுதியவை. பொது ஓலையை அழிப்பவன் மற்றவர் உரிமையைப் பறிக்கிறான். தங்களுக்குள் எழுதிய கடிதங்களை எரித்தவர் தன் பொருளைத்தான் எரித்தார்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1670ஆம் ஆண்டு முதலான கோட்டைப் பதிவுகளை வைத்திருக்கிறது. அரசர், ஆளுநர், தளபதி பெயர்களுக்கு அங்கே குறைவில்லை. சாதாரணப் படைவீரரின் கடிதத்தை வீட்டில்தான் தேட வேண்டும். வானகரத்திலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள் பல இருக்கின்றன. பரணில் கிடக்கும் இன்லண்ட் கடிதங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன், அவை யாருடையவை என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். உறையையும் எறியக் கூடாது. கடிதம் எங்கிருந்து, எந்த நாளில் புறப்பட்டது என்பதற்கு அஞ்சல் முத்திரைதான் அயலார் காட்சி.