கூலிக்கு விற்காத காது

அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காகித விலையில் ஆரம்பித்து மின்சாரக் கட்டணத்தில் முடிப்பது அவர் வழக்கம். அன்றைக்கு வேறொரு குறையோடு வந்தார். அவருடைய பைண்டிங் பகுதியில் பாரம் மடிக்கும் பெண்கள், வேலை செய்துகொண்டே கைபேசியில் கதையும் பாட்டும் கேட்கிறார்களாம்.

"வேலை குறைகிறதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் குறையவில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவன் நான், சார். அந்த எட்டு மணி நேரமும் என்னுடையதுதானே? நீங்களே சொல்லுங்கள்."

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் விடைபெற்றுப் போன பிறகுதான் டாம்பா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர்களின் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாகாணத்தில் இருக்கிறது டாம்பா. 1885-ம் வருஷம் விசென்டே மார்டினெஸ் ஈபோர் என்ற ஸ்பானிய முதலாளி அதன் அருகே நிலம் வாங்கிச் சுருட்டுத் தொழிற்சாலை அமைத்தார். அவர் பெயரிலேயே ஈபோர் சிட்டி என்று ஓர் ஊர் எழுந்தது. கியூபாக்காரர்களும் ஸ்பானியர்களும் வந்து குடியேறினார்கள். இத்தாலியின் ஸிஸிலித் தீவிலிருந்தும் வந்தார்கள். பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுருட்டுவதுதான் வேலை. கைக்கு ஓய்வில்லை, மனத்துக்கோ வேலையே இல்லை.

அந்தக் கூடத்தின் நடுவே உயரமான மேடை ஒன்று இருக்கும். அதில் ஒருவர் அமர்ந்து உரத்த குரலில் வாசிப்பார். அவரை 'லெக்டோர்' என்பார்கள். முதலில் பத்திரிகைச் செய்திகள், பிறகு நாவல். செர்வான்டிஸ், விக்டர் ஹ்யூகோ, ஸோலா, டால்ஸ்டாய் எல்லாரும் அந்தப் புகையிலை நெடியில் அரங்கேறினார்கள். எந்த நாவலை வாசிப்பது என்று தொழிலாளர்களே வோட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். வாசிப்பு பிடித்துவிட்டால், இலை நறுக்கும் 'சவேத்தா' என்ற வளைந்த கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். ஸிஸிலிக்காரர்களில் பலர் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டதே இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்.

லெக்டோருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? முதலாளி அல்ல. வாரா வாரம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார்கள். என் நண்பரின் கேள்விக்கு அவர்கள் சொல்லாமல் சொன்ன பதில் இதுதான்: "நீ கொடுக்கும் கூலி எங்கள் கைக்கு. காது எங்களுடையது. அதற்கு நாங்களே செலவு செய்துகொள்கிறோம்."

வயிறு நிறைந்த பிறகுதான் கலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈபோர் சிட்டியில் அப்படி நினைக்கவில்லை. ஸ்பானியர்கள் 1891-ல் சென்ட்ரோ எஸ்பான்யோல் என்ற சங்கத்தையும், 1902-ல் சென்ட்ரோ அஸ்தூரியானோ என்ற சங்கத்தையும் தொடங்கினார்கள். கியூபாக்காரர்களுக்குத் தனிச் சங்கம். மாதச் சந்தா கட்டினால் நோய் வந்தபோது வைத்தியம் கிடைக்கும். அதே சங்கத்தின் கட்டடத்தில் நாடக அரங்கமும் இருக்கும். அஸ்தூரியானோ சங்கம் 1914-ல் திறந்த கட்டடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பகலில் சுருட்டுச் சுற்றியவர்கள் இரவில் அரிதாரம் பூசி ஸ்பானிய மொழியில் நாடகம் போட்டார்கள். பாட்டும் வசனமும் கலந்த ஸார்ஸுவேலாவும் போட்டார்கள். நாடகத்தை மருந்துக்குப் பக்கத்திலேயே வைத்த அந்த ஜனங்களை ஏழைகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டால் எனக்குச் சௌகரியம்தான். "பாருங்கள், கதை கேட்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது" என்று நண்பரிடம் சொல்லிவிடலாம். ஆனால் அது பொய்.

இந்த வழக்கம் 1865-ல் ஹவானாவில் தொடங்கியது. மறுவருஷமே அங்கிருந்த ஸ்பானிய சர்க்கார் அதற்குத் தடை விதித்தது. காரணம் இல்லாமல் இல்லை. கேட்டவர்கள் யோசித்தார்கள், யோசித்தவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். பின்னால் டாம்பாவிலும் கியூபாவின் விடுதலைக்காகக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். வேலை நிறுத்தங்களும் செய்தார்கள். 1931 நவம்பரில் டாம்பா முதலாளிகள், லெக்டோர்கள் பொதுவுடைமைப் பிரசாரம் செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டி வாசிப்பையே நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள்; தோற்றார்கள். மேடை போய், ரேடியோ வந்தது.

முதலாளிகளின் பயம் மூடத்தனமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுத்துக்கு வலிமை உண்டு என்று விழாக்களில் பேசிவிட்டு, தடை வரும்போது மட்டும் "இது வெறும் கதைதானே" என்று கெஞ்சுவது எப்படி நேர்மையாகும்? கதை ஆளை மாற்றும். மாற்றினாலும் கேட்க உரிமை உண்டு என்று சொல்லத்தான் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகை என் கதையின் முடிவை மாற்றித் தரச் சொன்னது. வேலைக்காரி எஜமானியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் முடிவு அது. வாசகர் மனம் புண்படுமாம். வீட்டில் அந்த மாதம் பணமுடை. அவளை அழவைத்து, மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்பிவைத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. வாரக் கூலிக்காரர்கள் காதை விற்க மறுத்தார்கள். நான் வாயை விற்றேன்.

யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது கலையில் சின்ன விஷயமல்ல. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த 1936-ல் அமெரிக்க சர்க்காரின் ஃபெடரல் தியேட்டர் திட்டம் டாம்பாவில் ஸ்பானிய நாடகக் குழு ஒன்றை அமைத்துச் சம்பளம் கொடுத்தது. அதை இயக்கிய மானுவேல் அபாரிசியோ, முன்பு லெக்டோராக இருந்தவர். அந்த அக்டோபரில், அமெரிக்காவிலும் சர்வாதிகாரம் வந்தால் என்ன ஆகும் என்று சிங்க்ளேர் லூயிஸ் எழுதிய நாடகத்தைப் பல நகரங்களில் ஒரே இரவில் அரங்கேற்றினார்கள். டாம்பாவில் ஸ்பானிய மொழியில். மறுவருஷம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு இப்படிப்பட்ட நிவாரண வேலை கிடையாது என்று சட்டம் வந்தது. குழு கலைந்தது. சர்க்கார் உதவியதே தவறு என்று நான் சொல்லவில்லை. பசித்தவர்களுக்கு அது சோறு போட்டது. ஆனால் சந்தாக் காசில் வளர்ந்த நாடகம் பல வருஷங்கள் நின்றது. சர்க்கார் காசில் வந்தது ஒரு கையெழுத்தில் போயிற்று.

கியூபாவில் பிறந்த நீலோ க்ரூஸ் இந்த லெக்டோர்களை வைத்து 'வெப்பமண்டலத்தில் அன்னா' என்ற நாடகம் எழுதினார். 2003-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1929-ல் ஈபோர் சிட்டியில் நடக்கும் கதை. லெக்டோர் 'அன்னா கரேனினா' வாசிக்கிறான். கேட்பவர்களின் குடும்பங்கள் கலைகின்றன, சேருகின்றன. அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு தொழிலாளிகளில் ஒருவனே, விட்ட இடத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வாசிக்கிறான்.

சென்ற வாரம் நண்பர் மறுபடியும் வந்தார். டாம்பா கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கடைசியில் வேலைநிறுத்தம் வந்ததா, இல்லையா?" என்றார்.

"வந்தது."

"அப்புறம் நான் எப்படிக் கேட்க விடுவது?"

"கை உங்களுடையது. காதுக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கவில்லையே!"

அவர் சிரிக்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, செருப்பை மாட்டும்போது, அந்தப் பெண்கள் அப்படி என்ன கதைதான் கேட்கிறார்கள் என்று ஒரு நாள் விசாரிக்க வேண்டும் என்றார்.