திருமறைக்காட்டு இருள்

சோழநாட்டுத் தலங்களின் சிறப்பைச் சொல்லும்போது திருவாரூருக்குத் தேரழகு என்றும் திருமறைக்காடு எனப்படும் வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்றும் முன்னோர் வகுத்து வைத்தனர். அந்த விளக்கழகின் ஊரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய சில நாழிகைகளில், விளக்கு என்ற ஒன்றே இல்லாத பூமியாயின. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய அந்தக் காற்றில் டெல்டா மாவட்டங்களில் விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். கம்பம் விழுந்தால் இருள் மட்டுமா சூழ்கிறது? ஆழ்குழாயின் மோட்டார் நின்று, மேல்நிலைத் தொட்டி வறண்டு, முற்றமெல்லாம் மழைநீர் தேங்கிக் கிடக்கையிலேயே குடிநீருக்குத் தவித்த மக்கள், வாடகை ஜெனரேட்டர் தம் ஊருக்கு வரும் முறைக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தனர்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. ஊன்றியபின் ஆறேழாண்டு பொறுத்திருந்தால்தான் காய்க்கத் தொடங்கி, பிறகு இரண்டு தலைமுறைக்குச் சோறிடும் மரம் அது. அதன் கன்றைக் கன்று என்னாது ‘பிள்ளை’ என்றே வழங்கும் மக்கள், கூரை பறந்ததற்கு அழாதவர்களும்கூட, வேரோடு கிடந்த தோப்பின் நடுவே நின்று அழுதார்கள்.

அந்த நாட்களில், புயலின் சுவடே படாத ஓர் ஊரில், படித்த பெரியவர் ஒருவர், “அங்கே என்ன அக்கிரமம் நடந்ததோ, தெய்வம் கேட்டுவிட்டது” என்று சாவதானமாகச் சொல்லக் கேட்டேன். அவர் பக்திமான்; கர்மவினையில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆயினும் அவ்வார்த்தை அன்று முழுவதும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது.

பேரழிவு தெய்வத்தின் தண்டனையா என்னும் இவ்வினா நம் மண்ணிலேயே முன்பொருமுறை எழுந்ததுதான். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் குலைத்தபோது தென்னாட்டில் ஹரிஜன யாத்திரை செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் மகாபாபத்துக்கு ஈசன் விதித்த தண்டனை அது என்றார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த ரவீந்திரநாத் தாகூர், ஜடப்பிரகிருதியின் நிகழ்ச்சிகளுக்கு ஜடக் காரணங்களே உண்டு என்று மறுத்தெழுதினார். அம்மறுப்பை அடிகள் தம் ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டு மறுமொழியும் தந்தார். காரியகாரணத்தைப் பற்றிய மட்டில் என் புத்தி தாகூரின் பக்கமே நிற்கிறது. கடலின் உஷ்ணத்தில் பிறக்கும் காற்றுக்குப் புண்ணியவான் தோப்பும் பாவியின் தோப்பும் ஒன்றே. ஆனால் அடிகளின் வாக்கில் ஒன்றை நாம் கவனிக்கவேண்டும்: ‘நாம் செய்த பாவம்’ என்று தம்மையும் உள்ளடக்கியே அவர் சொன்னார். நான் கேட்ட பெரியவரின் வாக்கிலோ ‘அங்கே’ என்ற சொல் முன்னின்றது.

வினை என்னும் தத்துவத்தைத் தன்னைக் குறித்து ஒருவன் நினைக்கும்போது அது சாந்தி தருகிறது; அயலானின் இடிந்த சுவரைக் காட்டிச் சொல்லும்போது, கொடுக்கவேண்டிய கைக்கு ஓய்வளிக்கும் சாக்காகிறது. புயலில் வீழ்ந்த மரத்தருகே நின்ற கிழவி ஒருத்தியும் ‘யார் செஞ்ச பாவமோ’ என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த ‘யார்’ எவரையும் சுட்டவில்லை. அவளுடைய துக்கத்துக்கு வேறு சொல் இல்லை, அவ்வளவே.

மேலும், வினைக்கணக்கை நாம் அறிவோம் என்பவர்கள் இதே தலத்தின் எலியை நினைவுகூரவேண்டும். திருமறைக்காட்டுக் கோயிலுக்குள் புகுந்த எலி ஒன்று, மூக்குச் சுட்டதனால் அணையவிருந்த விளக்கின் திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட, அப்புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது அப்பர் பெருமானும் பாடிய வரலாறு. அதற்குப் பக்தியுமில்லை, சங்கற்பமுமில்லை, வந்தது நெய்க்காக. இத்தகைய கணக்கன் எழுதும் ஏட்டை வாசித்து, இன்ன ஊருக்கு இன்ன தண்டனை என்று சொல்லும் வல்லமை நம்மில் எவருக்கு வாய்த்திருக்கிறது?

இருண்டு கிடந்த அவ்வூர்களுக்குப் பிற மாவட்டங்களிலிருந்தும், அவ்வாண்டு ஆகஸ்டில் தானே பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்த கேரளத்திலிருந்தும் மின்பணியாளர் வந்தனர். லாரி போகாத வயல்களில், இடுப்பளவு நீரில், கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்டார்கள். அப்படியும் பல சிற்றூர்களில் விளக்கெரிய வாரங்கள் ஆயின. ‘கரண்டு வந்துடுச்சு’ என்று பிள்ளைகள் கூவிய மாலையில், அந்திவிளக்கைக் கண்டு கும்பிடும் நம் வழக்கப்படியே, குண்டு பல்பின் எதிரே நின்று பெண்கள் கைகூப்பினார்கள். கம்பத்தின் உச்சியில் இருந்தவன் அடுத்த கம்பத்துக்குப் போக இறங்கிக்கொண்டிருந்தான். எந்த வீட்டில் வெளிச்சம் வந்தது என்று அவன் அறியான்.