பல்வண்ண நாடும் பயணியின் பார்வையும்

மத்ரஸாவில் நாம் முதன்முதலாக அரபி இலக்கணம் பயின்ற நூல் ‘ஆஜுரூமிய்யா’. அதனை இயற்றிய இப்னு ஆஜுரூம் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தவர், 1323-இல் மறைந்தவர். அவர் பெர்பர் இனத்தவர் என்பதும், அவர் பெயரே பெர்பர் மொழிச் சொல் என்பதும் நெடுங்காலம் கழித்தே நமக்குத் தெரிய வந்தன. அரபியரல்லாத ஒரு குலத்தவரிடமிருந்தன்றோ நாம் அரபி கற்றோம் என வியந்தோம். நம்மவர் இல்லங்களில் ஓதப்பெறும் ‘தலாயிலுல் கைராத்’தைத் தொகுத்தளித்த இமாம் ஜஸூலியும் அந்நாட்டின் ஸூஸ் பகுதியினரே. இவ்வாறு காணாமலே பழகிவிட்ட அந்நாட்டை 2018-இல் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று.

பலவகை வளங்கள் செறிந்த ஒரு நாட்டுக்குப் பயணம் போவதன் பயன் யாது? ஒரு செலவில் பல நாடுகளைக் கண்டு வரலாம் என்பதே பலரும் கூறும் விடை. மொராக்கோவைப் பொறுத்தவரை அது பொய்யன்று. ஒருபுறம் மத்தியதரைக் கடல், மறுபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். நடுவே 4,167 மீட்டர் உயர்ந்த துப்கால் சிகரத்தைத் தாங்கிய அட்லஸ் மலை. அதற்கப்பால் பாலை. குளிர்காலத்தில், காலையில் தேவதாருக் காட்டில் பனியைக் கண்டவர் அன்றிரவே மணற்குன்றின் அடியில் உறங்கலாம். ஆயினும் இது வணிகனின் கணக்கு. கண்ணுக்குக் கிடைத்த லாபத்தோடு அது முடிந்துவிடுகிறது.

நமக்குக் கிடைத்தது வேறு. ஃபெஸ் நகரில் ஒரு சிறு பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு நின்றோம். அருகே நின்ற முதியவர் மாலிகி வழக்கப்படி கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டிருந்தார். இமாம் ஃபாத்திஹா ஓதலானார். நாம் ‘மாலிக்’ என நீட்டும் சொல்லை, வர்ஷ் ஓதல் முறைப்படி ‘மலிக்’ எனக் குறுக்கினார். முன்னது உடையவன், பின்னது அரசன். இரண்டும் வழிவழியாக வந்த சரியான ஓதல்களே. ஓதல் முறைகளின் வேறுபாட்டைப் பல்லாண்டுகள் மாணவர்க்குப் பாடமாகச் சொன்ன நாமே ஒரு கணம் திடுக்கிட்டோம்! நம் ஊரில் ஒருவர் அவ்வாறு ஓதியிருப்பின் பின்னின்று திருத்தியிருப்போம். கிதாபில் ஒப்புக்கொண்டதைச் செவி ஒப்புக்கொள்ள அவ்வளவு தொலைவு போக வேண்டியிருந்தது.

ஒரே படித்தான நாட்டுக்குச் செல்பவன், ‘நாம் இப்படி, அவர்கள் அப்படி’ என்று இரு கூறாகப் பிரித்துத் தீர்ப்புரைத்துவிடுகிறான். பல்வகை மாந்தர் வாழும் நாட்டில் அத்தீர்ப்பு நிற்பதில்லை. ‘அவர்கள்’ என்று யாரைச் சொல்வது? அங்கே பெயர்ப்பலகைகளில் அரபியும், பெர்பர்களின் திஃபினாக் எழுத்தும், பிரெஞ்சும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2011-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் பெர்பர் மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி அளித்தது. ஃபெஸ்ஸில் யூதர்கள் வாழ்ந்த ‘மல்லாஹ்’ குடியிருப்பு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. வேர் எது, கிளை எது என்று பிரித்தறிய வேண்டிய பொறுப்பு வந்தவன் தலையில் விழுகிறது.

‘ஸஃபர்’ எனும் பயணச் சொல்லின் மூலத்துக்கே திரை விலக்குதல் என்றொரு பொருள் உண்டு. பயணம் மனிதனின் இயல்பை வெளிப்படுத்திவிடும் என்பர் ஆன்றோர். தான்ஜா நகரில் 1304-இல் பிறந்து, 1325-இல் புறப்பட்டு, பின்னர் நம் மஅபர் கரைக்கும் வந்த இப்னு பதூதாவையே பாருங்கள். மாலத்தீவில் காழியாக இருந்தபோது, அங்குள்ள பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற முயன்று இயலாது போனதை அவரே பதிவு செய்துள்ளார். அத்துணை நிலம் கண்டவரும் தம் ஊர் அளவுகோலைக் கீழே வைக்கவில்லை. அவரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை என்பதை ஃபெஸ் நகரமே நமக்கு உணர்த்திற்று.

அங்குள்ள தோல் பதனிடும் தொட்டிகளைக் காண மேல்மாடத்துக்கு அழைத்துச் சென்றனர். வாயிலில் ஆளுக்கொரு புதினாத் தழை தந்தனர், மூக்கில் பிடித்துக்கொள்ள. கீழே சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீரில் மனிதர்கள் தொடையளவு இறங்கி நின்று தோலை மிதித்துக்கொண்டிருந்தனர். மஞ்சளும் சிவப்புமாய்ச் சாயத் தொட்டிகள் அழகாகத்தான் இருந்தன. ஒருவர் நிமிர்ந்து நம்மை நோக்கினார். தழையை இறக்கிவிட மனம் எண்ணிற்று, மூக்கு இசையவில்லை.

மனிதர் பல குலங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிவதற்கே என்று திருமறை கூறுமிடத்து வரும் வினை, ‘தஆருஃப்’ எனும் வாய்பாட்டைச் சேர்ந்தது. அது இருபாலும் நிகழும் செயலைக் குறிப்பது என்று மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். மாடத்தில் நின்று காண்பது அவ்வாய்பாட்டில் அடங்குமா? நாட்டின் பல்வண்ணம் என்று நாம் போற்றுவதில் எவ்வளவு பிறருடைய வறுமை என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு அட்லஸ் மலைப்பகுதியில் நிலம் நடுங்கி, ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தின்மல் பள்ளிவாசலின் பெரும்பகுதி இடிந்தது. மண்ணாலும் கல்லாலும் எழுப்பிய வீடுகள் ஊர் ஊராகச் சரிந்தன. மலையிலிருந்தே முளைத்தன போலிருக்கின்றன என்று நாம் வியந்த வீடுகள் அத்தகையனவே. அவற்றில் ஒன்றின் நிழற்படம் நம்மிடம் உள்ளது. வாசலில் ஒரு சிறுவன் நிற்கிறான். சுவரின் செம்மண் நிறத்தைப் பற்றி அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்; அவன் பெயரைக் கேட்கவில்லை.