உடைந்தது குமிழ்தான்

பேஸ் கிடாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உடைந்தால், எது உடைந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரல் படும் குமிழ் வேறு. அதைத் தாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் பொட்டென்சியோமீட்டர் வேறு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைத் திருப்பும்போது ஒலி சீராக ஏறி இறங்கினால், உள்ளே ஒரு கோளாறும் இல்லை. தண்டை அளந்து குமிழ் வாங்கினால் போதும். சில தண்டுகள் 6 மில்லிமீட்டர், சில 6.35. நுனியில் பல் வெட்டியிருந்தால் அழுத்திப் பொருத்தும் குமிழ். வழவழப்பாக இருந்தால் பக்கவாட்டில் திருகு வைத்த குமிழ். பல்லிலும் 18, 24 என்று வகை உண்டு. பொருந்தாததைத் திணித்தால் நல்ல தண்டும் முறியும். இவ்வளவு சிறிய பழுதுக்காக ஒரு கருவியையே ஒதுக்கிவிடத் தோன்றுகிறது என்றால், பகுதியின் கேட்டை முழுமையின் கேடாக எண்ணுகிறோம் என்று பொருள். இந்தப் பழக்கம் கருவிகளோடு நிற்பதில்லை என்பதே என் கவலை.

பழுதான பகுதியை மட்டும் மாற்றுவது நம் இசைக்கருவிகளுக்கு அந்நியமான விஷயம் அல்ல. கடலூர் மாவட்டத்தையே பாருங்கள். பண்ருட்டிப் பலாமரம்தான் தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கக் கட்டைக்கும் பேர்பெற்றது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் இந்தக் கருவிகளைப் பயில்பவர்களுக்கு அவற்றின் தேய்மானமும் தெரியும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கின்றன. சுருதி பிசகினால் மெழுகை மாற்றி மெட்டுகளைத் திரும்பப் பதிக்கிறார்கள்; குடம் அப்படியே இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை எத்தனையோ முறை மாறும், கட்டை ஒன்றுதான். எது தேயும் என்று முன்பே அறிந்து, அது தனியே கழன்று வரும்படி செய்திருக்கிறார்கள். 1951இல் வெளிவந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸிலும் இதே யோசனைதான்: அதன் கழுத்தைக்கூடத் திருகாணியால்தான் பூட்டினார்கள். நீண்ட ஆயுள் என்பது பழுதே வராமல் இருப்பதால் கிடைப்பதில்லை. பழுதை அதன் எல்லைக்குள் நிறுத்த முடிவதால் கிடைக்கிறது.

சிறிய ஊரில் உதிரி கிடைக்காது, தேடும் நேரத்தின் விலை குமிழின் விலையைவிடப் பெரிது என்று சொல்லலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் சென்னையிலிருந்து குமிழ் வந்து சேரும்வரை வெறும் தண்டைத் திருப்பியே வாசிக்கலாம். காத்திருப்பதால் இசை நின்றுவிடாது. எல்லாவற்றையும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்க முடியுமா என்பது இதைவிட வலுவான கேள்வி. முடியாது. கட்டையே பிளந்துபோனால் விடைகொடுப்பதுதான் சரி. அந்த முடிவுக்கு வருமுன் கட்டையைப் பார்த்தோமா என்பதே நான் கேட்பது.

மனிதரிடம் குமிழைப்போல் ஒரு குணத்தைக் கழற்றி மாட்ட முடியாது என்பதையும் ஏற்கிறேன். அதனாலேயே அங்கே கூடுதல் நிதானம் தேவை. ஒரு தேர்வில் தோற்ற பிள்ளைக்குப் படிப்பே வராது என்கிறோம். ஒரு கடுஞ்சொல்லை வைத்துப் பல வருட நட்பை முடித்துக்கொள்கிறோம். ஆளையே ஒதுக்குவது சுலபம், ஏனென்றால் அதற்கு எதையும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. பழுது எங்கே, எவ்வளவு என்று பார்க்கும் பொறுமையை, ஒருவர்மேல் வைத்திருக்கும் அக்கறைக்கு முதல் அத்தாட்சியாகவே நான் கருதுகிறேன்.