தண்ணீரில் இறங்கின வண்டியின் பிரேக்

தியான பகுதி: ஆதியாகமம் 9:18-27



2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ம் தேதியை செம்பரம்பாக்கத்து ஜனங்களாகிய நாம் மறக்க முடியுமா? 24 அடி ஆழமுள்ள நம்முடைய ஏரி நிரம்பி, விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்பொழுது கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, தெருத் தெருவாய் வந்து ஜனங்களைத் தூக்கி எடுத்தார்கள். 2018-ல் கேரளாவிலும் இப்படியே கொல்லத்து மீனவர்கள் படகுகளோடு லாரியில் செங்கன்னூர் வரைக்கும் போனார்கள்.

படகோட்டியை எல்லாரும் பார்த்தோம். படகை இறக்கிவிட்ட லாரியை யார் யோசித்தோம்? வண்டியை ரிவர்ஸ் எடுத்து, படகு மிதக்கும் ஆழம் வரைக்கும் பின்சக்கரங்களைத் தண்ணீரில் இறக்கினால்தான் படகு சுலபமாய் இறங்கும். படகு போய்விட்டது, வேலை முடிந்தது, உயிர்கள் பிழைத்தது, ஸ்தோத்திரம்! ஆனால் அந்த லாரி மேட்டில் ஏறி, காய்ந்த ரோட்டில் வேகம் எடுத்து, டிரைவர் பிரேக்கை மிதிக்கிறபோது என்ன நடக்கும்? பிரேக் பிடிக்காமல் போகலாம்!

ஏன்? லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. அவை இரண்டும் உரசினால்தான் வண்டி நிற்கும். தண்ணீர் இருந்தால் வழுக்கும். ஏர் பிரேக்கோ, ஆயில் பிரேக்கோ, கடைசியில் பிடிக்க வேண்டியது அந்த லைனிங்தான். ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும்.

தேவனுடைய பிள்ளையே, இதில் ஒரு பெரிய ஆவிக்குரிய சத்தியம் இருக்கிறது. மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

1. ஆபத்து தண்ணீரில் தெரியாது, கரையேறின பின்புதான் தெரியும்.

நோவாவைப் பாருங்கள். அவன் காலத்து ஜனங்களுக்குள்ளே நீதிமான். ஒரு வருஷத்துக்கும் மேலே பேழைக்குள் இருந்தான். வெள்ளத்தில் அவன் விழவில்லை. கரையேறி, பலிபீடம் கட்டி, வானவில்லையும் பார்த்தான். அதற்குப் பின்பு திராட்சத்தோட்டம் போட்டான், குடித்தான், வெறித்தான், கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடந்தான். அந்த ஒரு நாளால் அவன் குடும்பத்துக்குள் சாபம் நுழைந்தது. ஐயோ, எவ்வளவு பரிதாபம்! வெள்ளத்தை ஜெயித்தவன் ஒரு கிண்ணத்தில் தோற்றுப்போனான்.

நமக்கும் அப்படித்தான். கஷ்டத்தில் இருக்கும்போது உபவாசம், முழு இராத்திரி ஜெபம், கண்ணீர். பிள்ளைக்கு வேலை கிடைத்தது, கடன் தீர்ந்தது, சாட்சியும் சொல்லியாச்சு. ஆனால் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சுள்ளென்று கோபம்! "நான் தண்ணியைத் தாண்டினவன்யா" என்று சொல்லலாம். தாண்டினீர்கள், சரி. பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தீர்களா?

2. மெதுவாய் மிதித்தால்தான் காயும்.

அனுபவமுள்ள டிரைவர் தண்ணீரிலிருந்து ஏறினவுடனே வேகம் எடுக்கமாட்டார். முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாய்ப் பார்த்து, சின்ன கியரில் ஊர்ந்துகொண்டே, பிரேக்கை லேசாய் மிதித்து மிதித்து விடுவார். அந்த உரசலின் சூட்டிலே தண்ணீர் காய்ந்துபோகும். பிடிப்பு திரும்பி வந்தது என்று நிச்சயமான பின்புதான் வேகம்.

ஆவியின் கனிகளில் இச்சையடக்கமும் ஒன்று என்று கலாத்தியர் 5-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது பெரிய சோதனை வருகிற நாளில் திடீரென்று வராது. சின்னச் சின்ன காரியத்தில் பழக்க வேண்டும். ஒரு கடுஞ்சொல்லை விழுங்குங்கள், அது ஒரு மிதி. பார்க்கக்கூடாததிலிருந்து கண்ணைத் திருப்புங்கள், அது இன்னொரு மிதி. உரசும்போது வலிக்கத்தான் செய்யும். அந்தச் சூடுதான் உங்களைக் காப்பாற்றும்.

3. உள்ளே போன சேற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

வெள்ளத்துத் தண்ணீர் சுத்தமான தண்ணீரா? சேறும் மணலும் டிரம்முக்குள் தங்கிவிடும், லைனிங்கை அராவிவிடும். வீல் பேரிங் கிரீஸில் தண்ணீர் கலந்தால் பேரிங் கெட்டுப்போகும். துரு ஏறினால் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமலும் போகலாம். ஓடி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் டிரம்மில் வெடிப்புகூட விழலாம். வெளியே பைப் போட்டுக் கழுவினால் போதாது. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து மெக்கானிக் பார்க்க வேண்டும்.

அப்படியே நம்முடைய உள்ளான மனுஷனையும் கர்த்தருக்கு முன்பாகத் திறந்துகொடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு சபைக்கு வந்தால், உள்ளே இருக்கிற கசப்பு போய்விடுமா? அறிக்கை செய்து விட்டுவிடுங்கள். அவர் கழுவுவார், அல்லேலூயா!

நம் சபையில் லாரி, வேன், ஆட்டோ ஓட்டுகிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. "ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறுனேன் பாஸ்டர், பிரேக்கை ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லாதிருங்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது நம் ஆண்டவரே குதிக்க மறுத்தாரே! ஜெபியுங்கள், பிரேக்கையும் பாருங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உங்கள் வண்டிக்கு முன்னாலே ரோட்டைக் கடக்கிற பிள்ளை, ஒரு தாய் ஜெபித்துப் பெற்ற பிள்ளை. மழைக்காலத்தில் ஒரு அடி தண்ணீரைத் தாண்டினாலும், அந்த நாலு மிதியை மறக்காதிருங்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும், "பிரேக் காயட்டும் ஐயா, அப்புறம் போறேன்" என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். அதுவும் ஒரு சாட்சிதான்.

பிரியமானவர்களே, இந்த வருஷத்தில் கர்த்தர் உங்களை எந்த வெள்ளத்திலிருந்து கரையேற்றினார்? அவருக்கு ஸ்தோத்திரம் செலுத்துங்கள். அந்த வெற்றியின் வாசலிலேயே நின்று, உங்கள் நாவையும் கோபத்தையும் ஆசையையும் சோதித்துப் பாருங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, வெள்ளத்தைத் தாண்டப்பண்ணின தயவுக்காக நன்றி. கரையேறின பின்பும் விழுந்துபோகாதபடி எங்களை அடக்கி நடத்தும். சாலையில் போகிற எங்கள் பிள்ளைகளையும், வண்டி ஓட்டுகிற எங்கள் சகோதரரையும் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்.