சுட்டியவரின் கடன்

யானைக்கவுனியில் இன்று கவுனி இல்லை. 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பின், கறுப்பர் நகரத்துக்கு அரணாக ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்று அது. மதில் போய்விட்டது, மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. பெயரோ போலீஸ் ஸ்டேஷன் பலகையிலும் ஆட்டோக்காரர் வாயிலும் இன்னும் வழிகாட்டுகிறது. அரசுகள் வழங்கும் சுருக்க இணைய முகவரிகளுக்கு இதன் தலைகீழ் நேரலாம்: ஆவணம் சர்வரில் பத்திரமாக இருக்க, அதைச் சுட்டிய பெயர் மட்டும் செத்துப்போகும். அமெரிக்க அரசு தன் அலுவலர்களுக்காக 2009இல் தொடங்கிய ‘கோ.யுஎஸ்ஏ.கவ்’ என்ற சுருக்க முகவரிச் சேவையை 2022 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டது. இதை ஒரு தொழில்நுட்ப முடிவாக மட்டும் பார்க்க முடியவில்லை. ஒன்றைச் சுட்டப் பெயர் வைத்தவர், ஊரார் அந்தப் பெயரை நம்பத் தொடங்கிய பிறகு அதைத் திரும்பப் பெறலாமா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாரும் உண்டாக்காதது, என்றும் இருப்பது என்றார்கள் இந்தியத் தத்துவ மரபில் மீமாம்சகர்கள். இல்லை, அது சங்கேதம், ஒருவர் விதித்ததால் வந்தது என்றார்கள் நையாயிகர்கள். சுருக்க முகவரியைப் பொறுத்தவரை நையாயிகர் பக்கமே முழு வெற்றி. அந்த ஐந்தாறு எழுத்துக்கும் அது காட்டும் பக்கத்துக்கும் விதித்தவரின் இச்சையைத் தவிர எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் ஊர்ப்பெயரும் சங்கேதம்தானே? ஆம், ஆனால் அது பேசுகிற எல்லாரிடமும் பகிர்ந்து கிடக்கிறது. 1996இல் மெட்ராஸ் சென்னையானது. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ்தான். எந்த அரசாணையும் ஒரு பெயரை எல்லா நாவிலிருந்தும் பிடுங்க முடியாது. சுருக்க முகவரியின் பொருளோ ஒரே ஒரு அட்டவணையில், ஒரே ஒரு நிர்வாகியின் கையில் இருக்கிறது. அவர் கை விட்டால் தாங்கிப் பிடிக்க வேறு யாரும் இல்லை. நினைவைக் காக்கும் அதிகாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டவர், அதன் கடனையும் முழுவதுமாக ஏற்க வேண்டும் என்பதே என் வாதம்.

கடனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று நிறைய. 2010இல் லிபியா தன் நாட்டு முகவரியில் இயங்கிய ‘விபி.எல்ஒய்’ என்ற சுருக்க முகவரிச் சேவையை ஒரே முடிவில் பறித்துக்கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழ பாதி, மேற்கோள் காட்டிய விஷயத்துக்கு இட்டுச் செல்லவில்லை என்று 2014இல் ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் கண்டார்கள். தீர்ப்பு நிற்கிறது, தீர்ப்பின் ஆதாரம் நழுவிவிட்டது. இதை வடசென்னையில் வைத்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும். அன்று செல்பேசிக்கு வந்த எச்சரிக்கையும் அறிக்கையின் முகவரியும் ஐந்தாண்டு கழித்து ஒரு மீனவக் குடும்பத்துக்குச் சாட்சியாகத் தேவைப்படலாம்.

எதுவும் நிலைப்பதில்லை, முகவரி மட்டும் விதிவிலக்கா என்று கேட்கலாம். நிலையாமைக்குத் தனி அதிகாரமே வைத்தவர் வள்ளுவர். வாய்மைக்கும் அவரே அதிகாரம் வைத்தார். உலகம் நிலையற்றது என்பது நாம் அனுபவிக்கும் உண்மை. கொடுத்த வாக்கைக் கைவிட அது அனுமதிச்சீட்டு ஆகாது. செலவு என்ற வாதமும் நிற்காது. புதிய முகவரி உருவாக்குவதை நிறுத்திவிட்டு, பழைய அட்டவணையை மட்டும் இயங்கவிடச் சிறு செலவே ஆகும். கூகுளும் தன் சுருக்க முகவரிகள் அனைத்தையும் 2025 ஆகஸ்டில் அணைக்கப்போவதாகச் சொல்லி, பிறகு பயன்பாட்டில் உள்ளவற்றைத் தொடரச் சம்மதித்தது.

மோசடி பற்றிய எதிர்வாதம்தான் வலுவானது. எங்கே போகிறது என்று தெரியாத லிங்க்கை அழுத்தி எளியவர்கள் பணம் இழக்கிறார்கள். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பும் 2024 அக்டோபர் முதல், முன்பே பதிவு செய்யப்படாத லிங்க் உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கச் சொன்னது. இதை மறுக்க மாட்டேன். இந்த வாதம் சுருக்க முகவரியை இனி உருவாக்காதிருக்க நல்ல காரணம்; உருவாக்கியதை அழிக்கக் காரணம் ஆகாது. கேட்பாரற்று விடப்பட்ட முகவரிதான் மோசடிக்காரர் கைக்குப் போகும்.

மாற்று வழிகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சிங்கப்பூர் செய்வதுபோல அரசின் சொந்தப் பெயரின் கீழேயே சுருக்க முகவரி தரலாம். அதைவிட நல்லது, படித்தாலே துறையும் பொருளும் புரிகிற சிறிய நேர் முகவரி. சேவை மூடும் நாளில் அட்டவணை எங்கே போக வேண்டும் என்பதையும் தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். 2009இலேயே, இணையப் பக்கங்களைச் சேமித்துக் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் இத்தகைய அட்டவணைகளைப் பெற்றுக் காக்க ஒரு திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டில் இதற்குப் புது அமைப்புகூட வேண்டாம்: கிழக்கிந்தியக் கும்பினி காலக் கோப்புகளைக் காத்துவரும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திடம், அரசுத் துறைகளின் முகவரி அட்டவணையையும் அரசு ஆவணமாகவே ஒப்படைக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு போதும்.